ஏவாமல் நடக்கும் வேலைகள்

இந்தத் தடவை வெயில் கால வடகங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே நாலு வருஷமாக நான் பார்த்து வருகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என் கொழுந்தனார் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, எச்.ஐ.வி. இருக்கிறது. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்கக்கா, நாலு பேருக்கு ஒதவட்டும். பேரு மட்டும் வேணாம்" என்றாள். ஒருவர் நம்பிச் சொன்ன இந்த விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே விடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவள் தலையசைக்காமல் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

கொழுந்தனார் லாரி ஓட்டியவர். 2005-ல் போய்விட்டார். அதன் பிறகுதான் இவளுக்கும் பரிசோதனை செய்து பார்த்தார்கள். அப்போது அவளுக்கு 24 வயசு, கையில் மூணு வயசுப் பிள்ளை. நல்ல காலம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. 2006-லிருந்து இவளும் பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள். ஒரு நாள் தப்பியதில்லை. இன்றைக்கு இரத்தப் பரிசோதனையில் கிருமி கண்ணில் படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. பிள்ளையும் படித்து முடித்து வேலைக்குப் போகிறான்.

இது வரை எல்லாம் சரி. நாலு வருஷத்துக்கு முன்னால்தான் புதுசு புதுசாக ஆரம்பித்தது. அரிவாள்மணையை விட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கழுத்தும் இரண்டு தோள்பட்டையும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வலிக்கும், உட்கார்ந்துவிட்டால் போய்விடும். இரண்டு இட்லி தின்பதற்குள் வயிறு திம்மென்று நிறைந்துவிடும். நாலு நாள் வெளிக்குப் போகாது, ஐந்தாம் நாள் ராத்திரியில் ஓட வைக்கும். படுத்தால் மூத்திரத்துக்கு நாலு தடவை எழுந்திருப்பாள். பாதம் வேர்ப்பதே இல்லை, வெடித்துப் போய்க் கிடக்கும்.

இதையெல்லாம் நாங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்கே தெரியும்? மயக்கத்துக்கு டானிக், வயிற்றுக்கு ஓமத்தண்ணீர், பாதத்துக்கு வெண்ணெய் என்று தனித்தனியாகவே வைத்தியம் நடந்தது. வீட்டுப் பெரியவர்கள் வாயில் வந்த வார்த்தைதான் அவளை ரொம்பவும் நோக அடித்தது. "வேலைன்னு வந்தாத்தான் இவளுக்கு மயக்கம் வருது. சாயங்காலம் டிவி முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காளே!" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் பார்த்தது பொய்யில்லை. நிஜமாகவே காலையில் மயக்கம் வரும், சாயங்காலம் தெளிவாக இருப்பாள். சாப்பிட்டு முடித்து இலை எடுக்க எழுந்தால் வரும், உட்கார்ந்திருந்தால் வராது. இந்த நோயின் அடையாளமே அதுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. விடியலிலும் சாப்பிட்ட பிறகும் வெயிலிலும்தான் இது கூடும்.

ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். 150/90 இருந்தது. உடனே பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாளியைத் தூக்க நிமிர்ந்தவள் அப்படியே விழுந்தாள். மோவாயில் மூன்று தையல். அந்த இடத்தில் நான் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரம்மாதான் அந்தக் காரியத்தைச் செய்தார். பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் படுக்க வைத்தார், அழுத்தமும் நாடியும் பார்த்தார். 142/86, நாடி 78. எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் 108/68. மூன்றாவது நிமிஷத்தில் 98/62. நாடி மட்டும் 82-க்கு மேல் ஏறவில்லை. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினாலே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவளுக்கு 44 இறங்கியிருக்கிறது. தண்ணீர் வற்றிப் போனவர்களுக்கும் நின்றால் அழுத்தம் இறங்கும், ஆனால் அவர்களுக்கு நாடி குதிரை மாதிரி ஓடும். இவளுக்கு நாடியும் அசையவில்லை என்பதால் நரம்பின் மேல்தான் சந்தேகம் என்றார். ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடி, விடும்போது குறைய வேண்டுமாம். இவளுக்கு ஒரே சீராக ஓடியது. சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்த்து, அவை இல்லை என்று ஆன பிறகுதான் பெயர் சொன்னார்: அட்டானமிக் நியூரோபதி. தானியங்கு நரம்புகளின் பாதிப்பு.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். கை தூக்குவது, நடப்பது, பேசுவதெல்லாம் நாம் ஏவிச் செய்கிற வேலை. இதயம் துடிப்பது, சோறு செரிப்பது, வேர்ப்பது, இருட்டில் கண்மணி விரிவது, பை நிறைந்தால் மூத்திரம் வருகிறது என்று தெரிவிப்பது எல்லாம் நாம் ஏவாமலே நடப்பவை. கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இருப்பார்கள். யாரும் சொல்லாமலே விடியலில் எழுந்து வாசல் தெளித்து, பால் காய்ச்சி, மாட்டுக்குக் கழுநீர் வைத்து முடித்திருப்பார்கள். அவர்கள் நாலு நாள் படுத்தால்தான் எத்தனை வேலை அந்தக் கையில் இருந்தது என்று தெரியும். நம் உடம்பில் அந்தப் பெரியம்மா இந்தத் தானியங்கு நரம்புகள்தான்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே இந்த நரம்புகள் கீழே உள்ள இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தையும் கொஞ்சம் வேகப்படுத்தி, தலைக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. கண் இமைக்கிற நேரத்தில் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. நரம்பு பழுதானால் அந்த இறுக்கம் வராது. இரத்தம் கீழேயே தங்கும், கண் இருட்டும். அதே நரம்புகள் வயிற்றில் சுணங்கினால் சோறு இறங்காது, குடலில் சுணங்கினால் மலம் கட்டும், தோலில் சுணங்கினால் வேர்க்காது. ஏழு இடத்து வியாதி என்று நாங்கள் நினைத்ததெல்லாம் ஒரே வீட்டுக் கதை.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது ஏன் வருகிறது? கிருமியும், அதோடு உடம்பு வருஷக் கணக்கில் நடத்துகிற சண்டையில் உண்டாகும் அழற்சியும் மெல்லிய நரம்பு இழைகளைப் பாதிக்கின்றன. அந்தக் காலத்துக் கூட்டு மருந்தில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்தும் நரம்புக்கு ஆகாதது. பாதம் எரிகிறது, மரத்துப் போகிறது என்று எத்தனையோ பேர் அவதிப்பட்டார்கள். அதைப் படிப்படியாக நிறுத்தும்படி 2009-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, இப்போது கொடுப்பதில்லை. என் ஓரகத்தி சில வருஷம் அதைச் சாப்பிட்டவள்தான். பி12 குறைவு, சர்க்கரை, குடிப்பழக்கம் இவற்றில் ஏதாவது கூடச் சேர்ந்தால் நரம்புக்கு இன்னும் கேடு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரையும் நரம்பைத் தொடும். அதனால்தான் கூடவே பி6 வைட்டமின் மாத்திரை கொடுக்கிறார்கள். அது வெறும் சத்து மாத்திரைதானே என்று குழந்தை விளையாடக் கொடுத்துவிடாதீர்கள்!

இது அபூர்வ நோயும் இல்லை. நியூயார்க்கில் எச்.ஐ.வி. உள்ள நூற்றுச் சொச்சம் பேரை, அதுவும் நடமாடிக்கொண்டிருக்கிறவர்களையே, சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நரம்புகளில் ஏதோ ஒரு குறை இருந்ததாம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தக் கிருமியை நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னபோது, நோயாளி எத்தனை நாள் இருப்பார் என்பதே பேச்சாக இருந்தது. மயக்கத்தையும் மலச்சிக்கலையும் யார் கேட்டார்கள்? இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டு 20, 30 வருஷம் நன்றாக வாழ்கிறார்கள். அப்போது இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தொல்லைகளையும் நாம் பார்க்கத்தானே வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பிரஷர் மாத்திரையை டாக்டரம்மாதான் நிறுத்தினார். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது, கூட்டு மருந்தைக் கனவில்கூட நிறுத்தக் கூடாது. கிருமி தலையெடுத்தால் இருக்கிற நரம்பும் போகும்.

முதல் வைத்தியம் தண்ணீர். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இரண்டு பெரிய டம்ளர், சுமார் அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடுவாள். ஐந்து பத்து நிமிஷத்தில் அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கி, அரை மணிக்கு நன்றாக நிற்கிறது. நான் நம்பவில்லை, பிள்ளை வாங்கி வந்த பிரஷர் மிஷினில் பார்த்த பிறகுதான் நம்பினேன். அந்த அரை லிட்டரைச் சிறுகச் சிறுக உறிஞ்சினால் அவ்வளவு பலன் இல்லை. காப்பி அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, செங்கல். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே கல் வைத்து ஆறங்குலம் உயர்த்தினோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலே சரிவாக இருக்க வேண்டும். இவர்களுக்கு நின்றால் அழுத்தம் இறங்குகிற மாதிரியே, மட்டமாகப் படுத்தால் ஏறிவிடுகிறது. அந்தக் கிளினிக்கில் 150 வந்தது இதனால்தான். ராத்திரி முழுக்க அப்படி ஏறி நின்றால் சிறுநீரகம் தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளிவிடும். ராத்திரி நாலு தடவை மூத்திரம், விடிந்தால் மயக்கம் என்பதன் இரகசியம் அதுதான். கல் வைத்த பிறகு நாலு தடவை ஒன்றரையாகக் குறைந்தது. பகலில் களைப்பாக இருந்தால் சாய்வு நாற்காலியில் சாய்வதோடு சரி, மட்டமாகப் படுப்பதில்லை.

மூன்றாவது விஷயம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி கட்டுவோமே, அதுவேதான். டாக்டரம்மா வயிற்றுக்குப் பெல்ட் போடச் சொன்னார். அது வருகிற வரையில் என் அம்மா எனக்குக் கட்டிவிட்ட மாதிரியே பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து இறுக்கிக் கட்டிவிட்டேன். வயிற்றில் போய்த் தேங்குகிற இரத்தத்தை அது மேலே தள்ளுகிறது. எழுந்திருப்பதற்கு முன் கட்டி, படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும். சாப்பிட்டால் மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கக் கூடாது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதை. இவளுக்கு மோரில் உப்பைத் தாராளமாகப் போடச் சொன்னார்கள். எல்லாருக்கும் இது ஆகாது. இதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை இருந்தால் ஆபத்து. கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிருக்காக எப்படியும் சிறுநீரகப் பரிசோதனை செய்கிறார்கள். அதைக் காட்டி, கேட்டு, பிறகு ஊறுகாய் ஜாடியைத் திறங்கள்.

சாப்பாட்டில்தான் எனக்கு மண்டையிடி. ஒரே வேளையில் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டால் இரத்தமெல்லாம் வயிற்றுப் பக்கம் போய் அழுத்தம் இறங்கும், வயிறும் தாங்காது. அதனால் மூன்று வேளையை ஆறாக்கினோம். காலையில் ஒரு இட்லி, பத்தரை மணிக்கு இன்னொன்று, மத்தியானம் குழைந்த சாதம் ஒரு கரண்டி பருப்போடு, இப்படி. வயிறு மெதுவாக இறங்குகிறவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரமும், நாருள்ள முருங்கைக்காய், தண்டுக்கீரை வகையறாவும் ஒத்துக்கொள்ளாது. மலச்சிக்கலுக்கோ நார் வேண்டும்! இரண்டுக்கும் நடுவில் திண்டாடி, நன்றாக வெந்து மசித்த பூசணி, சுரைக்காய், பப்பாளிப் பழம் என்று ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். சாப்பிட்டவுடன் அரை மணி நேரம் அவள் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். இலை எடுப்பது இப்போது பிள்ளை வேலை. மாமியார் முதலில் முகம் சுளித்தார்கள். நின்றபடி 98 காட்டிய மிஷினை ஒரு நாள் அவர்களுக்கே காட்டினேன். "இத்தன நாளு இத வச்சுக்கிட்டா எனக்கு வென்னி காய வச்சுக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தன் வெந்நீரைத் தானே அடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

வெந்நீர் என்றதும் ஞாபகம் வருகிறது. சுடச்சுட எண்ணெய்க் குளியல் இவளுக்கு ஆகாது. சூட்டில் இரத்தக் குழாய் விரியும். வெதுவெதுப்பான தண்ணீர், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளியல், உள்தாழ்ப்பாள் கிடையாது. வேர்வை சரியாக வராததால் உடம்புச் சூடும் இறங்காது. சித்திரை வெயிலில் பகல் 11-லிருந்து 4 வரை வெளியே விடுவதில்லை. அடுப்படியில் ஈரத்துண்டு தோளில் இருக்கும். எங்கேயாவது வரிசையில் நிற்க நேர்ந்து கண் மங்கினால் கால்களைப் பின்னி, தொடையை இறுக்கி, கைமுட்டியை மடக்கி நிற்பாள். அதற்கும் கேட்காவிட்டால் வெட்கப்படாமல் குத்த வைத்து உட்கார்ந்துவிடுவாள். விழுந்து எலும்பு முறிவதைவிட நாலு பேர் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இனிச் சொல்லப் போவதை டாக்டரிடம் சொல்ல நம் பெண்களுக்கு வாய் வராது. மூத்திரப்பை நிறைந்தது தெரியாமல் போகிற நிலை இதில் உண்டு. முழுவதும் வெளியேறாமல் தங்கினால் கிருமி சேரும். எரிச்சல்கூடத் தெரியாமல் காய்ச்சல் வந்து நிற்கும். இவள் கடிகாரம் பார்த்து மூன்று மணிக்கொரு தரம் போகிறாள். முடிந்த பிறகும் ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி முயற்சி செய்கிறாள். தாம்பத்யத்திலும் இது கை வைக்கும். பெண்களுக்கு வறட்சி, ஆண்களுக்குத் தளர்ச்சி. அது மனசு விட்டுப் போனதால் வருவதில்லை, இந்த நரம்பாலும் வரும். புருஷனைச் சந்தேகப்படுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கென்று கடையில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். கூட்டு மருந்தில் சில வகைகளோடு அது சேரவும் கூடாது.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் இரண்டு. பாத எரிச்சலுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் நல்ல மருந்துதான். ஆனால் அதுவே மலத்தைக் கட்டும், மூத்திரத்தை அடைக்கும், நின்றால் அழுத்தத்தை இறக்கும். இந்தப் பாதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். இப்போது கூட்டு மருந்தில் டொலுடெகிராவிர் இருக்கிறது. வயிறு உப்புசம் என்று கடையில் வாங்கிக் குடிக்கிற ஆன்டாசிட் மருந்து அதை உடம்பில் சேரவிடாது. டொலுடெகிராவிர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் ஆன்டாசிட் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்துத்தான் மாத்திரை. ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். நுரையீரலில் ஊசி செலுத்திச் சோதிக்கும்போது இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இதயமே நின்று போனதை 1987-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

முழுசாகக் குணமாகுமா என்று கேட்டேன். "பழுதான நரம்பு பழையபடி ஆகும்னு வாக்குக் குடுக்க முடியாதும்மா. அதோட வாழ வழி இருக்கு" என்றார் டாக்டரம்மா. தேவைப்பட்டால் அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்க மாத்திரைகளும் உண்டாம். இவளுக்கு இது வரை தேவைப்படவில்லை. வாரம் ஒரு தடவை படுத்து, நின்று பார்த்து பிள்ளை நோட்டில் எழுதி வைக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை படுத்து 134/82, நின்று மூன்றாவது நிமிஷம் 114/74. விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எச்.ஐ.வி. இல்லாத வீடுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த நரம்புப் பாதிப்பை அதிகம் பேருக்கு உண்டாக்குவது சர்க்கரை நோய். உங்கள் மாமனாரோ அம்மாவோ எழுந்தால் தள்ளாடுகிறார் என்றால் அவருக்கும் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் விடாமல் கேளுங்கள், மூன்று நிமிஷம்தானே. எச்.ஐ.வி. பற்றி, ஏ.ஆர்.டி. மையம் எங்கே இருக்கிறது என்பது பற்றி யாரிடமும் கேட்கத் தயங்குகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.